வெள்ளையடித்த கற்கள்

அஞ்செட்டியிலிருந்து மலையேறிய பஸ் பாதி வழியில் கொதித்து நின்றதால்தான் எனக்கு அந்த யோசனையே வந்தது. டிரைவர் முன்மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் கண்டக்டரைத் தண்ணீருக்கு விரட்டினார். நாங்கள் எல்லோரும் இறங்கி ரோட்டோரம் நின்றோம். பள்ளிக்கூடத்துக்குப் பெண்பிள்ளைகளை அனுப்பச் சொல்லி அஞ்செட்டியில் வீடு வீடாகக் கேட்டுவிட்டு, ஒருவரும் சரி என்று சொல்லாத எரிச்சலில் திரும்பிக்கொண்டிருந்தேன். சும்மா நிற்க முடியவில்லை. ரோட்டோரக் கட்டைச் சுவர்மேல் ஏறிக் கீழே பார்த்தேன்.

கீழே ஆறு போய்க்கொண்டிருந்தது. ஊரில் அதைத் தொட்டஹள்ளா என்பார்கள். கன்னடத்தில் பெரிய ஓடை. காவிரியைத் தேடிக்கொண்டு மலைகளை நடுவில் பிளந்து போகிறது. இரண்டு பக்கமும் பாறை சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. அந்தச் சுவரில், தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே, தலையில் வகிடு எடுத்த மாதிரி ஒரு கோடு. மாடுகள் நடந்து நடந்து உண்டான தடம். அது வளைந்து வளைந்து பாறைக்குப் பின்னால் மறைந்து, அப்பால் மறுபடியும் தெரிந்தது.

அந்த வாரம்தான் எட்டாம் வகுப்பில் பள்ளத்தாக்குப் பாடத்தை நடத்தியிருந்தேன். புத்தகத்தில் அமெரிக்காவிலுள்ள ஒரு பள்ளத்தாக்கின் படம், மங்கலாக, எறும்புப் புற்று மாதிரி அச்சாகியிருந்தது. "ஆற்று நீர் பாறையை அரிப்பதால் உண்டாகும் செங்குத்தான பள்ளம்" என்று வகுப்பே கோரஸாக ஒப்பித்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி மட்டும் எழுந்து, "நீங்க பாத்திருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப எப்படி நம்பறது?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

வகுப்பில் எல்லோரையும்விட ஒரு சாண் உயரம் அவள். மற்ற பெண்கள் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

பஸ்ஸில் மறுபடி ஏறி உட்காரும்போதே முடிவு செய்துவிட்டேன். இந்த வகுப்பு அந்தத் தடத்தில் நடக்க வேண்டும். காலையில் இறங்கி, ஆற்றோரம் நடந்து, மறுபக்கம் வண்டிப்பாதைக்கு ஏறி, சாயங்காலம் வீடு. அடுத்த வளைவு வருவதற்குள் ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். யார் அனுப்புவார்கள்? அதிலும் நெட்டையின் அப்பா?

அவர் நிலபுலம் உள்ள விவசாயி. ஏழாம் வகுப்போடு மகளை நிறுத்திவிட இருந்தவர். போன வருஷம் நானும் தலைமையாசிரியையும் போய்ப் பேசி, "எட்டு முடிக்கட்டும்" என்று ஒரு வருஷத்துக்கு வாங்கி வந்திருந்தோம். அந்த ஒரு வருஷமும் அவர் கொடுத்த வரம் மாதிரி. எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெற்றுக்கொள்வார்.

தலைமையாசிரியை என் யோசனையைக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்கு வயசு இருக்கு, ஓடறே. புள்ளைங்களுக்கு ஒண்ணுன்னா நான்தான் பதில் சொல்லணும்" என்றார். தையல் டீச்சரையும் கூட்டிப் போகச் சொன்னார். ஒவ்வொரு வீட்டிலும் அப்பாவோ அண்ணனோ வாயால் சம்மதம் சொல்ல வேண்டும் என்றார். ரேஞ்சர் ஆபீசில் சொல்லிவிட்டுத்தான் காட்டுக்குள் கால் வைக்க வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

நெட்டையின் வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். அவள் அப்பா களத்தில் கேழ்வரகுக் கதிரைக் குவித்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தப் பாக்கறதுக்கு எதுக்கு டீச்சரம்மா அவ்ளோ தூரம்? எங்க மாடெல்லாம் அங்கதான் பட்டியில கெடக்குது. நான் மாசத்துக்கு ஒருக்கா போறேன். கல்லு, தண்ணி, முள்ளு. வேற என்ன இருக்குது?"

"பாடத்துல வருதுங்க. நேர்ல பாத்தா மனசுல நிக்கும்."

"மனசுல நின்னு என்ன பண்ணப் போறா?"

கதவுக்குப் பின்னால் நின்ற நெட்டை, "நீ மாசத்துக்கு ஒருக்கா போவியாம், நான் ஒருக்கா போகக் கூடாதா?" என்றாள். அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்குகிற மாதிரி மீசையைத் தடவிக்கொண்டார்.

"சரி. ஆனா ஒண்ணு டீச்சரம்மா. வெளக்கு வைக்கறதுக்குள்ள இவ வூட்டு வாசல்ல நிக்கோணும். இருட்டிப் போச்சுன்னா அத்தோட பள்ளிக்கூடம் முடிஞ்சுது. அப்புறம் நீங்க வந்து பேசினாலும் சரி, உங்க பெரியம்மா வந்து பேசினாலும் சரி."

பெரியம்மா என்றது எங்கள் தலைமையாசிரியையை. சரி என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது? வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த "சரி" கூடவே வந்தது.

அதனால்தான் வழியை முன்கூட்டியே குறித்துவிட வேண்டும் என்று தோன்றியது. பள்ளத்தாக்கில் தடம் ஒன்றல்ல. மாடு போன இடமெல்லாம் தடம்தான். கிளை பிரிகிற இடத்தில் தப்பாகத் திரும்பினால் அரை நாள் போய்விடும். மத்திகிரிக் கால்நடைப் பண்ணையில் வேலை பார்க்கும் என் அண்ணனைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு சனிக்கிழமை கூட்டிப் போனேன். ஒரு தகர டப்பாவில் சுண்ணாம்பு கரைத்து, தென்னை நார் மட்டையால் தொட்டு, பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கல்லுக்கு வெள்ளையடித்து வைத்தோம். வெள்ளைக் கல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். இவ்வளவுதான் கணக்கு. அண்ணன் பண்ணையில் போடும் காக்கி அரைக்கால் சட்டையும் வெயில் தொப்பியும் போட்டிருந்தான். கையில் தடிக்குப் பதிலாக அளவு குறித்த மூங்கில் கழி. மாட்டின் உயரம் அளக்கிற கழி, பண்ணையிலிருந்து கொண்டு வந்தது. அவன் முன்னால் போய்க் கழியை ஊன்றி நின்று, "இங்க ஒண்ணு வை" என்பான். நான் வைப்பேன். அக்கரையில் மரத்தடியில் யாரோ இரண்டு பேர் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையை ஆட்டினேன். அவர்கள் ஆட்டவில்லை.

அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் எங்கே திரும்பினாலும் ஒரே பேச்சு. மொழிவாரியாக மாகாணங்களைப் பிரிக்கப் போகிறார்களாம். எங்கள் தாலுகா மைசூருக்குப் போகுமா, சென்னையோடு இருக்குமா? ஒரே தெருவில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற ஊர்கள். எங்கே கோடு கிழிப்பார்கள்? ஓசூர் பஸ்ஸில் இரண்டு பேர் இதற்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் அந்தப் பேச்சுக்கும் என் சுண்ணாம்பு டப்பாவுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தை முடிகிற நேரம் ஒரு சனிக்கிழமை. குளிர் விடவில்லை. முதல் பஸ்ஸில் அஞ்செட்டி போய் இறங்கினோம். வகுப்பில் பாதிப் பேர்தான் வந்தார்கள். மற்றவர்கள் வீட்டில் விடவில்லை. தையல் டீச்சர் கையில் குடையும் தூக்குச் சட்டியுமாக வந்தார். அவர் தெலுங்குக்காரர், நாற்பதைத் தாண்டியவர். மலை இறங்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்மா, இந்தப் பள்ளத்துல எறங்கிட்டா மறுபடி ஏறியாகணுமே, அதைப் பத்தி உன் பூகோளப் புஸ்தகத்துல ஒண்ணும் போடலையா?"

"ஏறினா பசி எடுக்கும்னு போட்டிருக்கு டீச்சர்" என்றாள் நெட்டை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மனதுக்குள் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இறங்கும்போது எண்ணினேன், தண்ணீரைத் தாண்டும்போது எண்ணினேன், ஒருத்தி முள் எடுக்கக் குனிந்தால் எண்ணினேன். அண்ணன் எங்களோடு நடப்பதாக ஏற்பாடு. ஆனால் பேசி வைத்திருந்த வண்டிக்காரர் வரவில்லை. சாயங்காலம் பிள்ளைகளை வண்டிப்பாதையிலிருந்து அஞ்செட்டிக் கடைசி பஸ்ஸுக்குக் கொண்டுசேர்க்க வண்டி வேண்டும். அதனால் அண்ணன் வேறு வண்டி பிடித்து, சுற்றிக்கொண்டு, மேலே வந்து நிற்கப் போய்விட்டான். "கல்லைப் பாத்து நட. கல்லைத் தவிர எதையும் நம்பாதே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் சத்தமே மாறிவிட்டது. நாங்கள் பேசியது பாறையில் பட்டு எங்களிடமே திரும்பி வந்தது. ஒருத்தி கூவ, மற்றவர்களும் கூவினார்கள். பாறையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பட்டை பட்டையாகக் கோடுகள். ஆறு ஒரு காலத்தில் அவ்வளவு உயரத்தில் ஓடியிருக்கிறது என்று காட்டினேன். நெட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு பாறையில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தாள். "வழவழன்னு இருக்குது டீச்சர். தண்ணிதான் தேச்சிருக்குது" என்றாள். நம்பிவிட்டாள். நான் அந்த ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தேன்.

அதற்கப்புறம் தடத்தில் யானைச் சாணி கிடந்தது. புதுசு. இன்னும் ஈரம் காயவில்லை. கோடை நெருங்க நெருங்க யானைகள் தண்ணீருக்கு இறங்கும் என்று எனக்குத் தெரியும். இவ்வளவு சீக்கிரம் இறங்கும் என்று நினைக்கவில்லை. பிள்ளைகளை நெருக்கமாக நடக்கச் சொன்னேன். கூவியது நின்றுவிட்டது. தையல் டீச்சர் குடையை விரித்துக்கொண்டார்.

"யானை வந்தா குடை என்ன பண்ணும் டீச்சர்?"

"என்னைப் பாக்க விடாம பண்ணும்லே? எனக்கு அது போதும்."

முதல் நான்கைந்து வெள்ளைக் கற்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. பெரிய அத்திமரத்துக்கு அருகில் தடம் பிரிந்தது. கல் இடப்பக்கம் இருந்தது. இடப்பக்கம் திரும்பினோம். எனக்கு லேசாக உறுத்தியது. இங்கே தண்ணீரை ஒட்டிப் போனதாகத்தானே ஞாபகம்? இது மேலே ஏறுகிறதே? ஆனால் கல் இருக்கிறது. நானே அடித்த வெள்ளை. ஞாபகத்தைவிடக் கல் பெரிது என்று ஏறினேன். பிள்ளைகள் பின்னால் வந்தார்கள். மேலே போகப் போகத் தடம் குறுகி, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை என்றாகி, கடைசியில் ஒரு விளிம்பில் வந்து நின்றது. அதற்கப்பால் வெறும் காற்று. கீழே, ரொம்பக் கீழே, ஆறு பச்சை நாடா மாதிரி தெரிந்தது.

"உக்காருங்க" என்றேன். "எல்லாரும் அப்படியே உக்காருங்க. யாரும் எட்டிப் பாக்கக் கூடாது." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. ஒருத்தி அழ ஆரம்பித்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து எல்லோரையும் திருப்பி இறக்கினேன். அத்திமரத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் கிழக்குச் சுவரில் ஏறிவிட்டிருந்தது. பள்ளத்தாக்கில் சாயங்காலம் முன்கூட்டியே வந்துவிடும். மேலே பகல் இருக்கும், கீழே நிழல் விழுந்துவிடும். அதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

தண்ணீரை ஒட்டிய தடத்தில் போனோம். அடுத்த பிரிவில் கல்லே இல்லை. தேடினோம். நெட்டைதான் பார்த்தாள்.

"டீச்சர், அது நம்ம கல்லா?"

அக்கரையில், தண்ணீருக்கு அப்பால், ஒரு புங்கமரத்தடியில் வெள்ளையாக இருந்தது. நம்ம கல்தான். என் மட்டை இழுத்த கோடு கூடத் தெரிந்தது. கல் எப்படித் தண்ணீரைத் தாண்டும்? யானை உருட்டியதா? வெள்ளத்துக்கும் வழியில்லை, மழையே பெய்யவில்லை.

"கல்லுக்குக் கால் மொளைச்சுதா? அய்யோ தேவுடா" என்றார் தையல் டீச்சர். முதல்முறையாக அவர் குரலில் கிண்டல் இல்லை. என் பக்கத்தில் வந்து மெதுவாக, "உண்மையைச் சொல்லு. வழி தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டார்.

"தெரியல டீச்சர்."

அவர் பிள்ளைகளிடம் திரும்பி, "வாங்கடி, சோறு தின்னலாம். வயிறு நெறைஞ்சாதான் டீச்சருக்கு மூளை வேலை செய்யும்" என்று தூக்குச் சட்டியைத் திறந்தார். புளிச்சோறு. நான் கையில் வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயில் போகவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: கடைசி பஸ் போய்விடும், இருட்டிவிடும், நெட்டையின் படிப்பு முடிந்துவிடும். அவளைப் பார்த்தேன். அவளுக்கும் அது தெரிந்திருந்தது. சோற்றை வேகமாகத் தின்றுகொண்டே வெயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மரமணிச் சத்தம் கேட்டது. மாடுகள் கழுத்தில் கட்டுகிற மணி, டொக் டொக் என்று. தண்ணீர் குடிக்க ஒரு மந்தை இறங்கியது. கூட யாரும் இல்லை. நெட்டை சோற்றைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். "கிட்டப் போகாதே!" என்று கத்தினேன். அவள் ஒரு சிவப்புப் பசுவின் பின்னால் போய்க் குனிந்து தொடையைப் பார்த்தாள். சூடு போட்டிருந்தது, பிறை மாதிரி.

"எங்க மாடு டீச்சர்! எங்க வூட்டுக் குறி!"

"அதனால?"

"பொழுது சாய்ஞ்சா பட்டிக்குத்தான் போகும். இதுங்களைக் கூட்டிட்டுப் போகவே வேண்டாம், தானே போகும். பட்டி வண்டிப்பாதை ஓரமாத்தான் இருக்குது. அப்பா எப்பவும் வண்டியிலதான் போவாரு."

கல்லை நம்பி வந்த நான் இப்போது மாட்டை நம்ப வேண்டும். தையல் டீச்சர் என்னைப் பார்த்தார். "மாடு பொய் சொல்லாது. அதுக்குப் பூகோளம் தெரியாது" என்றார்.

மாடுகள் அவசரப்படவில்லை. ஒரு புதரில் நின்று மென்றன. ஒரு கன்று திரும்பித் தண்ணீருக்கே போயிற்று. நெட்டை அதை விரட்டிக்கொண்டு வந்தாள். பின்னால் போகிற எங்களுக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது. விரட்டினால் சிதறும், விரட்டாவிட்டால் நிற்கும். கடைசியில் சிவப்புப் பசு ஒரு பாறைச் சந்துக்குள் நுழைந்தது. நானும் அண்ணனும் அந்தச் சந்தைப் பார்த்து, வழியில்லை என்று விட்டுவிட்ட இடம் அது. உள்ளே படி மாதிரி ஏறியது. பிள்ளைகள் கையைக் கோத்துக்கொண்டு ஏறினார்கள். நான் கடைசியில், ஒவ்வொரு தலையையும் எண்ணிக்கொண்டு.

மேலே முள்வேலி போட்ட பட்டி. அறுப்பு முடிந்ததும் ஊர் மாடுகளைக் காட்டுக்கு ஓட்டி வந்து, மாதக்கணக்கில் இங்கேயே அடைத்து மேய்ப்பார்கள். வேலிக்குள் புகை. ஒரு அம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கன்றுகளைப் பிரித்துக்கொண்டிருந்தான். வரிசையாக ஏறி வருகிற பெண்களைப் பார்த்து இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"பாப்பா? நீயா?" என்றாள் அந்த அம்மா நெட்டையிடம். "ஐயாவோட பாப்பா! இது யாரு இத்தினி பேரு? கல்யாணமா?"

"பள்ளிக்கூடம்" என்றாள் நெட்டை மூச்சு வாங்க. "வழி தப்பிப் போச்சு. வெள்ளைக் கல்லு மாறிப் போச்சு."

அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். புருஷனைப் பார்த்தாள். அவன் வானத்தைப் பார்த்தான்.

"எந்தக் கல்லு?" என்றான்.

"சுண்ணாம்பு அடிச்ச கல்லு. நான்தான் வெச்சேன்" என்றேன்.

"நீங்களா? காக்கி நிஜார் போட்ட சர்வேக்காரன் இல்லே வெச்சான்? கோல் வெச்சு அளந்து அளந்து வெச்சான். நாங்க பாத்தோமே!"

"அது என் அண்ணன். அது மாடு அளக்கிற கோல்."

"மாடு அளக்கறதா!" என்று அந்த அம்மா வாயில் கை வைத்தாள். பிறகு அவன் சொன்னான். தாலுகாவை மைசூருக்கும் சென்னைக்கும் நடுவே பிரிக்க அளக்கிறார்கள், அது எல்லைக் கல் என்று பட்டி முழுக்கப் பேச்சு. கல் இருக்கிற கோட்டுப்படி பார்த்தால் அவர்கள் பட்டியும் தண்ணீர்த் துறையும் மைசூரில் போய்விழுகிறது. அப்புறம் இந்தப் பக்கத்து மாடு அந்தப் பக்கம் மேய்ந்தால் யார் விடுவார்கள்? அதனால் ஒரு கல்லை அத்திமரத்தடியில் மேல்தடத்துக்குத் தள்ளிவைத்தான். மறுவாரம் பார்த்தால் அக்கரைப் பட்டிக்காரர்கள், அவர்கள் கன்னடம் பேசுகிறவர்கள், தங்கள் பங்குக்கு, தங்கள் கரையும் மைசூரில் சேரட்டும் என்று, இன்னொரு கல்லைத் தூக்கி ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

"நீயா தள்ளினே? உனக்கு யாரு சொன்னது?" என்று கேட்டாள் நெட்டை.

அவன் தலையைச் சொறிந்தான். "ஐயாதான் பாப்பா. உங்கப்பாதான். போன மாசம் வந்தப்ப பாத்துட்டு, கல்லை அங்க தள்ளுடான்னாரு."

தையல் டீச்சர் ரொம்ப மெதுவாகக் குடையை மடக்கினார்.

அவனே எங்களை வண்டிப்பாதைக்குக் கொண்டுவந்து விட்டான். அண்ணன் பாதையின் மேலும் கீழும் ஓடிக் களைத்துப்போய், தொண்டை கட்டிப்போய் நின்றுகொண்டிருந்தான். பிள்ளைகளை வண்டியில் ஏற்றினோம். பெரியவர்களும் நெட்டையும் கூட நடந்தோம். அஞ்செட்டிக்கு வந்தபோது பஸ் போய்விட்டது. கடைகளில் விளக்கு வைத்துவிட்டார்கள். வெகுநேரம் கழித்து, பஸ்ஸில் நாங்கள் வராததைக் கண்டு, மேலே ஏறுகிற ரோட்டில் இரண்டு வண்டிகள் லாந்தர் ஆட்டிக்கொண்டு இறங்கி வந்தன. முதல் வண்டியில் நெட்டையின் அப்பா. பின்னால் மற்ற அப்பாக்கள், அண்ணன்கள்.

அவர் இறங்கி மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கையில் முள் கீறியிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"வெளக்கு வெச்சாச்சு டீச்சரம்மா."

"தெரியுதுங்க."

"நான் என்ன சொன்னேன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் நெட்டை முன்னால் வந்தாள். "அப்பா, அந்த வெள்ளைக் கல்லு டீச்சர் வெச்சது. நாங்க நடக்கறதுக்கு. நீ தள்ளச் சொன்னியாமே. நாங்க அந்தக் கல்லைப் பாத்துதான் பாறை முனைக்குப் போயிட்டோம். இன்னும் ரெண்டு எட்டு வெச்சிருந்தா ஆத்துல கெடந்திருப்போம்."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அவர் முகத்தில் லாந்தர் வெளிச்சம் விழுந்திருந்தது. மீசை ஒருமுறை துடித்தது. மகளைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தார். சின்னப் பிள்ளையை வைக்கிற மாதிரி. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை கடைசி பெஞ்சு காலியாக இருந்தது. செவ்வாயும் காலி. மற்ற பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள், பாறை முனையை இரண்டு மடங்கு உயரமாக்கிக் கதை சொன்னார்கள். நான் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அந்த இடத்தைத்தான் பார்த்தேன். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. "அவ வந்தா சொல்லு" என்று மட்டும் சொன்னார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

வாரக் கடைசியில் பொறுக்க முடியாமல் நானே போனேன். அவர் மாட்டுக் கொட்டகையில் இருந்தார். உட்காரச் சொன்னார். மோர் வந்தது. ரொம்ப நேரம் மாட்டு விஷயம் பேசினார், பண்ணையில் அண்ணனுக்கு எப்படிப்பட்ட வேலை என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஊருல என்ன பேசறாங்கோ தெரியுமா? பொட்டப்புள்ளைய இருட்டுல காட்டுல விட்டுட்டான்னு ஒருத்தன். கல்லைத் தள்ளி மகளையே கொல்லப் பாத்தான்னு இன்னொருத்தன். ரெண்டும் என்னைத்தான் சொல்றாங்கோ. உங்களை ஒருத்தனும் ஒண்ணும் சொல்லல."

உள்ளேயிருந்து உரல் இடிக்கிற சத்தம் நின்றது. நெட்டை கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"அவளை அனுப்பறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்லீங்கோ. ஆனா இப்ப அனுப்பினா, தப்பு பண்ணிட்டுப் பயந்து அனுப்பறான்னு ஆயிரும். நிறுத்தினா, அவ மொகத்தைப் பாக்க முடியல." அவர் மோர் டம்ளரைச் சுற்றினார். "அதே வழியில மறுபடி போகோணும். நான் முன்னால நடக்கறேன். அப்பனே கூட்டிட்டுப் போய், பொழுதோட கூட்டிட்டு வந்தான்னு ஊர் பாக்கட்டும். அப்படி வந்து சேந்துட்டா, மறுநாள் காலையில பள்ளிக்கூடத்துக்கு வருவா. ஒம்பதும் படிக்கட்டும். வந்து சேரலேன்னா..." முடிக்கவில்லை.

"சேரலாங்க" என்றேன். வேகமாகச் சொன்னேன். எனக்கு வேகமாகச் சொல்வதுதான் வழக்கம்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து தூக்கமில்லை. வழியை எப்படிக் குறிப்பது? வெள்ளைக் கல் இனி ஆகாது. மரத்தில் துணி கட்டலாமா என்று தையல் டீச்சரைக் கேட்டேன். அவரிடம் வெட்டுத்துணி மூட்டையாக இருக்கிறது. "சிவப்புக் கட்டினா மரம் வெட்ட வந்திருக்காங்கன்னு ஓடுவாங்க. மஞ்சள் கட்டினா தேங்கா ஒடைச்சுக் கும்பிடுவாங்க. பச்சை கட்டினா உனக்கே தெரியாது" என்றார். அவர் சொன்னது சரி. அந்தக் காட்டில் எந்த நிறத்துக்கும் ஏற்கெனவே ஓர் அர்த்தம் இருக்கிறது.

அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறோம். நாங்கள் ஒன்றும் வைக்கப் போவதில்லை. இரண்டு கரைப் பட்டிகளுக்கும் போய், இது எல்லைக் கல் இல்லை, பிள்ளைகள் நடக்கிற வழி என்று சொல்லி, அவரவர் பக்கத்துக் கல்லை அவரவர் கையாலேயே வைக்கச் சொல்லப் போகிறோம். தாங்கள் வைத்த கல்லைத் தாங்களே நகர்த்த மாட்டார்கள் என்பது என் கணக்கு. என் கணக்கு முன்பும் ஒருமுறை தப்பியிருக்கிறது. நெட்டையின் அப்பா தன் பட்டியைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அக்கரைப் பட்டிதான் பயமாக இருக்கிறது. அவர்கள் ஆற்றைத் தாண்டித் தூக்கிப்போன கல்லைத் திரும்பத் தரச் சொல்ல வேண்டும். அதுவும் கல்லை முதலில் தள்ளியவரையே முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு. என் கன்னடம் கடையில் சாமான் வாங்கத்தான் போதும். நெட்டைக்கு நன்றாக வரும். அவளும் வருகிறாள், அப்பா சம்மதித்துவிட்டார்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் பட்டிகளுக்குப் புறப்படுகிறோம். அண்ணனிடம் காக்கி நிஜார் வேண்டாம், வேட்டி கட்டிக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.